பாக்கெட்டின் பின்பக்கம்

அவள் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். மரியாதையில் இல்லை. 'தாயே, இன்றைக்கு வேறு கடைக்குப் போயேன்' என்கிற கும்பிடு அது. தாராவியில் எங்கள் மாடியில் எதிர்வீட்டுக்காரி. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், இப்போது குடியிருக்கிற கல்யாண் ஊரிலிருந்து போன் போட்டு என்னை உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடுவாள். எனக்கு அவள் அக்கா. அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்கு அக்காதான். மளிகைக்கடைச் சேட்டுகளுக்கு மட்டும் அவள் 'பீச்சேவாலி', அதாவது பின்பக்கத்துக்காரி.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் இதுதான். தின்கிற பாக்கெட் எதை எடுத்தாலும் அவள் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். அங்கே மாம்பழம் சிரிக்கும், பசு சிரிக்கும், ஒரு குடும்பமே சோபாவில் உட்கார்ந்து சிரிக்கும். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எடுத்த கையோடு திருப்புவாள். மூக்கருகே கொண்டுபோய், டியூப்லைட் வெளிச்சத்துக்குச் சாய்த்து, உதடு அசைய அந்தப் பொடி எழுத்தை ஒன்றுவிடாமல் வாசிப்பாள். பின்னால் கூட்டம் நிற்கும். நிற்கட்டும். சேராதது கண்ணில் பட்டால் அந்தக் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சேட்டைக் கேள்வி கேட்பாள். ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் நாள் முழுக்கப் பில் டைப் அடிக்கிறவள். பொடி எழுத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை.

"முன்பக்கம் அவன் சொல்லுதது. பின்பக்கம் அவன் ஒத்துக்கிடுதது" என்பாள்.

நான் கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தேன். பம்பாயில் ஆயிரம் கவலை இருக்க இவளுக்குப் பிஸ்கட் பாக்கெட்டோடு என்ன சண்டை என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அவள் மகள் பெனியைப் பார்த்தேன். பிறந்தநாள் வீடு ஒன்றில் மஞ்சள் மிட்டாய் தின்றுவிட்டு வந்திருந்தாள். கழுத்து, கை, வயிறு எங்கும் தடித்தடியாகச் சிவந்து, உதடு வீங்கி, சொறிந்து சொறிந்து அழுது கொண்டிருந்தது அந்தப் பிள்ளை. நான் வருவதற்கு முன்பே ஒருதடவை இப்படி வந்தபோது சயானில் ஒரு டாக்டர், சில பிள்ளைகளுக்குச் சில செயற்கை நிறங்கள் சேராது, இவளுக்கு அந்த மஞ்சள் சேரவில்லை போலிருக்கிறது, நிறம் போட்டதைக் கொடுத்துப் பார்க்காதீர்கள் என்று சொல்லி, பாக்கெட்டில் 102 என்ற எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாராம். அன்றிலிருந்துதான் அவள் பாக்கெட்டைத் திருப்ப ஆரம்பித்தாள். அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

சும்மா கலர்கலராக இருப்பதை ஒதுக்கிவிட்டால் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்து, பெனிக்கென்று பார்த்துப் பார்த்து வெள்ளைக் கிரீம் வைத்த பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா திருப்பினாள். வாசித்தாள். 102 அங்கே உட்கார்ந்திருந்தது.

"வெள்ளையாத்தானக்கா இருக்கு?" என்றேன்.

"வெள்ளையா இருந்தா யோக்கியனாட்டி?" என்று பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதே வாரம் செக்கச்செவேல் என்று ஒரு சிப்ஸ் பாக்கெட்டை அவளே வாங்கிப் பெனியிடம் கொடுத்தாள். எனக்குப் பகீரென்றது. அது மிளகாயிலிருந்து எடுத்த நிறம், பயமில்லை என்றாள். நூறு என்று எழுதியிருந்தால் அது நம் வீட்டு மஞ்சள், நூற்றிரண்டு என்றால் அவன் வீட்டு மஞ்சள். இப்படி அவள் பாடம் சொல்லச் சொல்ல, எங்கள் மாடிப் பெண்களில் பலர் திருப்பிப் பார்க்கத் தொடங்கினோம். நேற்று வாங்கிய அதே பாக்கெட்டை இன்றைக்கும் வாசிப்பாள். எதற்கு என்று கேட்டால், நேத்து யோக்கியனா இருந்தவன் இன்னைக்கும் யோக்கியன்னு ஒனக்கு யாரு சொன்னா என்று பதில் வரும்.

மனுஷர்களிடமும் இதே கதைதான். என் கொழுந்திக்கு, வீட்டுக்காரரின் தங்கைக்கு, மாப்பிள்ளை பார்க்கப் போனபோது இவளையும் கூட்டிப்போனோம். பையன் பவ்வியமாகப் பேசினான், பாட்டெல்லாம் பாடினான். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இவள் மட்டும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டாள். டம்ளரை எடுத்து வர நேரமானதற்கு அவன் அங்கே வந்து தன் அம்மாவை எப்படி ஏசினான் என்று காதால் கேட்டுவிட்டு வந்து, பின்பக்கம் சரியில்ல என்று ஒரே சொல்லில் முடித்தாள். வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று விட்டோம். என் கொழுந்தி இன்றைக்கும் அவளுக்குக் கிறிஸ்மஸ் சேலை எடுத்து அனுப்புகிறாள்.

மாட்டுங்காவுக்கு அவள் சனிக்கிழமைகளில் போவாள். அங்கே ஒரு பெரிய கடையில் ஊறுகாய் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நின்றபோது, பக்கத்தில் நின்ற பாலக்காட்டு மாமி ஒருத்தி, "அப்படி என்ன பாக்கறேள்?" என்று கேட்டிருக்கிறாள். இவள் சொல்லியிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை அந்த மாமி கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு வந்து, இவளுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பாட்டிலாகப் புரட்டிக் கொண்டிருந்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் அக்கா. கடைக்காரனுக்கு இப்போ ரெண்டு தலைவலி என்பாள்.

இவ்வளவு பார்த்தும் பெனிக்குத் தடிப்பு முழுசாக நிற்கவில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை வந்துவிடும். அப்போதெல்லாம் வீட்டில் விசாரணைதான். முதலில் கத்தரிக்காய் மாட்டியது. அடுத்து கம்பளி. அப்புறம் நான் கொடுத்தனுப்பிய நண்டுக்குழம்பு. அதற்காக இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, எனக்கும் கோபம்தான். கடைசியில் கருவாட்டின் மேல் பழி விழுந்தது. அவள் வீட்டுக்காரர் பாவம், வாயில்லாப்பூச்சி. தூத்துக்குடிக்காரர். கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் வீட்டில் கருவாடு பொரிக்கிற அன்றைக்கு, ஏதாவது ஆணி அடிக்க வேண்டுமா, பல்ப் மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

பம்பாயில் இருக்கிற பாக்கெட்டையெல்லாம் திருப்பிய அவள், ஒரே ஒரு பாக்கெட்டை மட்டும் திருப்பியதில்லை. அது அவள் தம்பியின் பாக்கெட்.

தம்பி தாராவியிலேயே பட்டறை வைத்து ஓமப்பொடி, மிக்சர், முறுக்கு போட்டுக் கொண்டிருந்தான். பட்டறைக்கு முன்னாலேயே சின்னதாக ஒரு கடை. தாய் செத்த வீட்டில் இவள்தான் அவனைக் குளிப்பாட்டித் தலைசீவி வளர்த்தவள். கல்யாணமாகி வந்ததும் ஊரிலிருந்து கூட்டிவந்து தொழிலில் நிறுத்தியவளும் இவளே. அவன் ஓமப்பொடி தங்கம் மாதிரி மினுங்கும். கண்ணாடித்தாள் பாக்கெட், முன்பக்கம் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருக்கும், பின்பக்கம் ஒரு எழுத்துக் கிடையாது. எழுத்தே இல்லாத இடத்தில் என்னத்தை வாசிப்பது? நம்ம வீட்டுப் பண்டம், நம்ம பிள்ளை கையால் செய்தது. கடைப் பண்டம் எதற்கும் ஆசைப்படாதே என்று மகளை அடக்கிவிட்டு, அந்த ஆறுதலுக்கு மாமா ஓமப்பொடியைத்தான் கை நிறைய அள்ளிக் கொடுப்பாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. அந்நியன் என்றால் ஆயிரம் கேள்வி கேட்போம், சொந்தக்காரன் என்றால் கண்ணை மூடி வாயைத் திறப்போம்.

மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சர்ச்சில், நாங்கள் கோயில் என்போம், ஓய்வுநாள் பள்ளிக்குப் போட்டுப்போன வெள்ளைக் கவுனின் பையில் பெனி ஓமப்பொடியை நிரப்பிக்கொண்டு போய், நனைந்து வந்திருக்கிறாள். பை இருந்த இடத்திலிருந்து முழங்கால் வரை மஞ்சளாக ஓடியிருந்தது. நான் கறிவேப்பிலை கேட்டுப் போனபோது, அக்கா குளியலறை வாசலில் குந்தி, அந்தக் கவுனுக்குச் சோப்புக்கட்டி போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தாள். தேய்த்தவள் நிறுத்தினாள். மறுபடி சோப்பு போட்டாள். மறுபடி நிறுத்தினாள்.

"ஏட்டி, இங்க வா" என்றாள். "மஞ்சக்கறையில சோப்பு பட்டா என்ன ஆவும்?"

இது என்ன கேள்வி. சமைக்கிற எவளுக்கும் தெரியும். "செவக்கும்" என்றேன்.

"இது ஏன் செவக்க மாட்டேங்கு?"

இரண்டு பேரும் அந்தத் துணியைப் பார்த்தோம். கறை சிவக்கவில்லை. மஞ்சளாகவே நுரையோடு கரைந்து, மஞ்சளாகவே தண்ணீரில் ஓடியது. அவள் எழுந்து அடுக்களையிலிருந்து மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை எடுத்துவந்து, கவுனின் ஓரத்தில் அப்பிச் சோப்பு போட்டாள். அது குங்குமமாகச் சிவந்தது. இது சிவக்கவே இல்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நானே என் கையால கொடுத்தேனட்டி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கருவாட்டுக்கும் நண்டுக்கும் வந்த பழியைச் சொல்லிக் காட்ட நாக்கு துறுதுறுத்தது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அன்றைக்குச் சாயங்காலமே பட்டறைக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். போகிற வழியெல்லாம், அவள் அவனைக் கிழிகிழி என்று கிழிக்கப் போகிறாள், நடுவில் நின்று விலக்கிவிட வேண்டியதுதான் என்று தயாராகிக் கொண்டு போனேன். அவள் சத்தமே போடவில்லை. கலர் போடுதியா என்று கேட்டாள். அவன் ஒளிக்கவும் இல்லை. கலர் போடாவிட்டால் சரக்கு பழசு என்று கடைக்காரர்கள் திருப்பிவிடுகிறார்கள், தாராவியில் எல்லோரும் போடுகிறார்கள், நான் மட்டும் வெளுத்த சரக்கை வைத்துக்கொண்டு ஈ ஓட்டவா என்று கேட்டான். பெனிக்குச் சேராதது இதுதான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அக்கா எல்லா பாக்கெட்டையும் பார்க்கிறவள்தானே, பார்த்துத்தான் கொடுக்கிறாள் என்று அவன் நினைத்திருக்கிறான்.

"போடு. போடாதன்னு நான் சொல்லல" என்றாள் அக்கா. "போட்டத பின்பக்கம் எழுது."

"எழுதுனா யாருக்கா வாங்குவா?"

"அதத்தாம்ல நானும் கேக்கேன்."

கடாயில் எண்ணெய் காய்ந்து கொண்டிருந்தது. அவன் அடுப்பை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான். கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை வரப்போகிறது, வருஷா வருஷம் உன் முதல் பாக்கெட் காணிக்கையாக வந்து ஏலத்துக்குப் போகும், இந்த வருஷம் அதன் பின்பக்கத்தை எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லுவேன், இப்போதே சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிவிட்டாள்.

திரும்பி வரும்போது நாக்காவில், நாலு ரோடு கூடுகிற முக்கில், நின்று அழுதாள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எதுக்குக்கா ஊரைக் கூட்டணும், பெனிக்குக் கொடுக்காம இருந்தாப் போதாதா, ஒத்தத் தம்பி, கோயிலில் வைத்து மானத்தை வாங்கினால் உறவு என்னத்துக்கு ஆகும் என்று நான் சொன்னேன். நியாயமாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

"சேட்டு கடையில சத்தமாத்தான கேட்டேன்?" என்றாள். "அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்ல."

அதன்பிறகு தம்பி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. ஆராதனை முடிந்து, அக்கா வீட்டில் ஆட்டுக்கறியும் சோறும் தின்று, பாயை விரித்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போவதுதான் அவன் வழக்கம். அவள் வழக்கம்போல அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். மதியம் மூன்று மணிக்குமேல் அந்தக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வரும். ருசியான குழம்புதான். நான் ஊற்றிக்கொள்ளாமல் வீட்டுக்காரருக்கே ஊற்றினேன். அவளுக்கு அவன் தம்பி மட்டுமில்லை, தலைப்பிள்ளை. அவனை இழந்துவிடுவாளோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவள் எப்படித் தூங்கினாளோ.

பண்டிகை வந்தது. விளைச்சலுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்கிற நாள் அது, ஊரில் என்றால் வயலில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். தாராவியில் ஏது வயல்? அவரவர் கையில் விளைந்ததுதான் காணிக்கை. தையல்காரர் சட்டை கொண்டுவருவார், தோல் வேலைக்காரர் பை கொண்டுவருவார், ஒன்றும் செய்யத் தெரியாத என் வீட்டுக்காரர் போன்ற ஆபீசர்கள் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைத்தார் வாங்கித் தோளில் சுமந்து, தோட்டத்தில் வெட்டியது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் போடுகிற அண்ணாச்சிக்கு வெண்கலத் தொண்டை, கூடவே கேலியும் உண்டு.

தம்பியின் பாக்கெட் மேசைக்கு வந்தது. அதே கண்ணாடித்தாள், அதே நட்சத்திரம். உள்ளே இருந்த ஓமப்பொடிதான் வேறு. தங்கமும் இல்லை, மினுக்கமும் இல்லை. மண்நிறத்தில் மங்கிப்போய்க் கிடந்தது. எனக்குப் பின்னால் யாரோ, கர்த்தருக்கே பழைய சரக்கா என்று முணுமுணுத்தார்கள். அண்ணாச்சி கூவிக் கூவிப் பார்த்தார். வருஷா வருஷம் போட்டி போட்டுக் கேட்கிற ஆட்கள் எல்லோரும் அன்றைக்குச் செருப்பைப் பார்த்தார்கள். தம்பி வாசலோரம் தூணை ஒட்டி நின்றான்.

அக்கா எழுந்தாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டாள்.

"அண்ணாச்சி, பின்பக்கம் வாசிங்க."

கோயிலே சிரித்தது. இங்கயுமாக்கா என்று அண்ணாச்சியும் சிரித்துக் கொண்டேதான் திருப்பினார். அவள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றாள். பின்பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. கையால் எழுதியது. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கடலைமாவு, அரிசிமாவு, ஓமம், மஞ்சள், உப்பு, கடலெண்ணெய்" என்று வாசித்தார். வாசித்துவிட்டு நிறுத்தினார். வாசல் பக்கம் பார்த்தார்.

"இன்னும் இருக்குல்ல, வாசிங்க" என்றாள் அக்கா.

"இதுவரைக்கும் கலர் போட்டேன். இனிமேல் போடவில்லை. என் அக்கா மகளுக்குச் சேரவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும்."

இதை எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை. என்ன போட்டிருக்கிறாய் என்று எழுதத்தான் சொன்னாள். இனிமேல் போடவில்லை என்பதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். அல்லது பேசாமல் ஒரு வாழைத்தாரைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் எனக்கு என்ன உறவு? ஒன்றுமில்லை. இருந்தாலும், அடேயப்பா, எப்பேர்ப்பட்ட ஆம்பளை என்று பெருமையாக இருந்தது.

அக்கா ஏலம் கேட்கப் போனாள், குரல் வரவில்லை. அவள் வீட்டுக்காரர், அந்த வாயில்லாப்பூச்சி, எழுந்து நின்று கேட்டார். உடனே தையல்காரர் ஏற்றிக் கேட்டார். தோல் பைக்காரர் அதற்கு மேல் கேட்டார். சற்றுமுன் செருப்பைப் பார்த்த ஆட்களெல்லாம் ரோஷம் வந்து கையைத் தூக்கினார்கள். கடைசியில் அக்கா வீட்டிலேதான் வந்து நின்றது. காணிக்கையாக வந்த சேவலைவிட அதிக விலைக்கு ஒரு பொட்டலம் ஓமப்பொடி போனது எங்கள் கோயிலில் அதுதான் முதல் தடவை. பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "சோறு ஆறுது, வால" என்றாள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் வீட்டுக்காரருக்குக் கருவாடு விடுதலையாயிற்று. என்னிடமோ நண்டிடமோ அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, ஒரு குத்துப்போணிப் பாத்திரம் நிறைய அல்வா வந்தது. கேசரிப்பவுடர் இல்லாத வெளுத்த அல்வா.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. அந்தக் கிறிஸ்மஸுக்குத் தம்பியின் சரக்கு பாதிக்குமேல் திரும்பி வந்தது. கடைக்காரர்கள் முகத்துக்கு நேரே சிரித்தார்கள். சிலர் அதோடு போனவர்கள்தான், திரும்பவே இல்லை. அக்கா ஆபீஸ் பையில் பத்துப் பாக்கெட்டை அடைத்துக்கொண்டு ரயிலில் லேடீஸ் டப்பாவில் கூவாத குறையாக விற்றாள். கையில் பிடிக்கும்போதே பின்பக்கம் தெரியும்படி பிடிப்பாள். மாட்டுங்கா மாமி தன் கட்டடம் முழுவதற்கும் அடுத்த தீபாவளிக்குச் சொல்லி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த மிட்டாயைத் தின்று பெனிக்கு இன்னும் ஓரிரு தடவை தடித்தது. ஆனால் மாமா வீட்டுப் பண்டத்தால் ஒருநாளும் இல்லை.

நாங்கள் சான்பாடாவுக்கு வந்துவிட்டோம். அவர்கள் கல்யாணுக்குப் போனார்கள். போன மாதம் தாராவிப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது தம்பியின் கடைக்குப் போனேன். அவனுக்கு மீசை நரைத்திருந்தது. அக்கா மாசம் ஒருதடவை வாராவ, வந்ததும் என் பாக்கெட்டத்தான் முதல்ல எடுத்து ஒரு எழுத்து விடாம வாசிக்காவ, இன்னைக்கு வரைக்கும் என்ன நம்புனதே இல்ல என்றான். இதைவிடப் பெரிய மெடலை யாரும் தனக்குக் குத்தியதில்லை என்கிற மாதிரி அவன் முகம் இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். கடையில் கயிறு கயிறாகத் தொங்கிய அத்தனை பாக்கெட்டும் முதுகைக் காட்டித்தான் தொங்கின. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாள் புது ஆள் போலிருக்கிறது. ஒன்றைப் பிடித்து முன்பக்கம் திருப்பப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லம்மா" என்றான் தம்பி. "ஒரு நட்சத்திரம்தான் இருக்கு."